ஐந்து நாள்

ஏப்ரல் 6
இரண்டு கோடு. இரண்டாவது வெளிறிப்போய் இருந்ததால் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அவரிடம் மட்டும் சொன்னேன். "சரி" என்றார். பத்து நிமிஷம் கழித்து வந்து "நிஜமாவா?" என்றார்.

ஏப்ரல் 7
ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறேன். இன்றைக்குத்தான்! அட்டை அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. ஜனவரியில் நானேதான் நிறுத்தினேன், இனி எதற்கு என்று.

ஏப்ரல் 8
டாக்டர்கள் போடும் கணக்கு வேடிக்கையானது. கடைசி மாதவிலக்கு மார்ச் 3, அதிலிருந்து எண்ணி ஐந்து வாரம் ஒரு நாள் என்பார்கள், ஆனால் அதில் முதல் இரண்டு வாரம் உள்ளே யாருமே இல்லை. உண்மையான வயது இன்றோடு 22 நாள். இதயம் துடிக்கத் தொடங்குவது ஏறக்குறைய இந்த நாளில்தான். இதயம் என்றால் அறைகளெல்லாம் கிடையாது, வெறும் குழாய். எனக்கு இப்போது கவலை இன்னொரு குழாயைப் பற்றி. மூன்றாவது வாரத்தில் முதுகுப்பக்கம் தட்டையாக ஒரு தகடு வருகிறது, அதன் ஓரங்கள் எழும்பி, ஒன்றையொன்று பார்த்து வளைந்து, நடுவில் ஒட்டிக் குழாயாகிறது. கழுத்துப் பக்கம் ஒட்ட ஆரம்பித்து மேலேயும் கீழேயும் போகும். தலைப்பக்க வாய் 25ஆம் நாளை ஒட்டி மூடும், கீழ்வாய் 28ஆம் நாளுக்குள். அதுதான் மூளையும் தண்டுவடமும். மாத்திரை உதவுவதெல்லாம் அந்த மூடலுக்குத்தான், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் போட வேண்டும் என்பதும் அதனால்தான். நான் ஆரம்பித்தது 21ஆம் நாள். ஓரங்கள் மடங்க ஆரம்பித்தபிறகு.

ஏப்ரல் 9
மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 12
செல்போனில் இருக்கும் செயலி வாரத்துக்கு ஒரு பழம் காட்டுகிறது. நீக்கிவிட்டேன். ஸ்கேல் எடுத்து இந்த நோட்டின் ஓரத்தில் 3 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டேன். பேனா முனையே பாதியை விழுங்கிவிட்டது.

ஏப்ரல் 15
முதல் ஸ்கேன். கரு வளரும் பை இருக்கிறது, 9 மி.மீ. அதற்குள் வளையம் மாதிரி மஞ்சள்கருப் பை. அவ்வளவுதான். துடிப்பு இல்லை. துடிக்க வேண்டிய ஆளே தெரியவில்லை. "நாள் கணக்கு உறுதியாத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் டாக்டர். என் மாதங்கள் எப்போதுமே 28ல் நின்றதில்லை, 32, 33 என்று தள்ளிக்கொண்டே போகும், அதைச் சொன்னேன். பதினோரு நாள் கழித்து வரச் சொன்னார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை, அவர்களுக்கு அது பழக்கம்.

ஏப்ரல் 16, இரவு 2 மணி
மஞ்சள்கருப் பை என்று பெயர்தான், உள்ளே மஞ்சள் கரு கிடையாது. ஆனால் முதல் ரத்த அணுக்கள் அதன் சுவரில்தான் உண்டாகின்றன. பின்னால் முட்டையாகவோ விந்தாகவோ ஆகப்போகிற செல்களும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவரில்தான், அப்புறம் அவை நகர்ந்து நகர்ந்து உடலுக்குள் போய்ச் சேர்கின்றன. பெண் சிசுவுக்கு ஐந்தாவது மாதத்தில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும், பிறப்பதற்குள் பெரும்பாலானவை அழிந்துவிடும். அப்படியென்றால் இந்த முட்டை நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே என்னிடம் இருந்தது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. போன முறை முதலில் அவளிடம்தான் சொன்னேன்.

ஏப்ரல் 19
காலையிலிருந்து மசக்கை இல்லை. ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 20
இன்றும் இல்லை.

ஏப்ரல் 21
வாந்தி. நாலு தடவை. இவ்வளவு சந்தோஷமாக யாரும் வாந்தி எடுத்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 26
கருவே 9 மி.மீ. துடிப்பு நிமிஷத்துக்கு 128.

திரையில் ஒரு புள்ளி படபடத்தது, நான் பார்த்து முடிப்பதற்குள் டாக்டர் அளந்து முடித்துவிட்டார். சரியாக ஏழு வாரமாம். என் கணக்கில் ஏழு வாரம் ஐந்து நாள். கருமுட்டை ஐந்து நாள் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான், அதற்குத்தான் பதினோரு நாள் தூங்காமல் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திருப்பினேன். ஐந்து நாளைக் கழித்தால் முதல் மாத்திரை 16ஆம் நாள். 21 இல்லை. தகடே வராத நாள்! அவரைக் கூப்பிட்டு விளக்கினேன், குழாய், ஓரம், கீழ்வாய் எல்லாம். அவர் துடிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாதம் முன்பிருந்தே" என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

மே 10
ஒன்பது வாரம். கோடு 23 மி.மீ. கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும், விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வின் செல்கள் செத்து விலகுவதால்தான் விரல் தனித்தனியாகிறது. இதை வாசித்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடலின் ஒரு பகுதி இப்போது வயிற்றில் இல்லை, தொப்புள்கொடிக்குள் இருக்கிறது. உள்ளே இடம் போதவில்லை, ஈரல் அவ்வளவு பெரிது. சில வாரத்தில் தானே உள்ளே போய்விடும். ஸ்கேனில் பார்த்துப் பயப்படக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

மே 14
ஒன்பது வாரம் நான்கு நாள். இன்று முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை. ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

மே 15
ஐந்து நாள்.

மே 17
பத்து வாரம். உண்மையான வயது 56 நாள். இன்றோடு கரு என்ற பெயர் போய் சிசு. வால் மறைந்துவிட்டது. இமைகள் இனி ஒட்டிக்கொள்ளும், ஆறாவது மாதம் வரைக்கும் திறக்காது. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "எத்தனை நாள் கண்ணு?" என்றாள். எந்தக் கணக்கில் என்று கேட்டேன்.

மே 30
நாளை காலை ஸ்கேன். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரின் தடிமனை அளப்பார்கள். அதற்கு நீளம் 45 மி.மீ.யாவது இருக்க வேண்டும், 84ஐத் தாண்டக் கூடாது. 53க்குக் கோடு போட்டேன், ஓரத்தில் இடம் போதாமல் எழுத்துக்குள் புகுந்துவிட்டது. மாத்திரை போட்டேன். மணி மூன்று.