ஊருக்கு ஒரு சின்னம்: பிள்ளைகள் கையில் பென்சில் கொடுப்பதற்கு முன்

"உங்க ஊருக்கு ஒரு சின்னம் வரைங்க" என்று ஏழாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். எல்லாத் தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, மேலே நாலைந்து காக்கா வந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லாத ஊரிலும் மலை வரும். பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்பதல்ல. பார்க்கச் சொல்லாமல் வரையச் சொல்லிவிட்டோம். சின்னம் உருவாக்குவதில் பாதி வேலை பொறுக்குவது, மீதி கழிப்பது. வரைவது கடைசியில் கொஞ்சம்தான்.

ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் 40 நிமிடப் பீரியட் ஆறு ஒதுக்குங்கள். நாலு பேர் ஒரு குழு. முதல் நாள் கரும்பலகையில் "உங்கள் சமூகத்தின் சின்னம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வீட்டில் போய்க் கேட்கும் பிள்ளை சாதிச் சங்கக் கொடியோடு திரும்பி வரும். "நம்ம ஊர்", "நம்ம தெரு" என்று இடத்தைச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கேள்வி கொடுத்து அனுப்ப வேண்டும். "நம்ம ஊரின் பெருமை என்ன?" என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் கிடைக்கும். இப்படிக் கேட்கச் சொல்லலாம்: வெளியூரில் நம்ம ஊர்ப் பேரைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள்? இன்றைக்கு வேலைக்குப் போனபோது கையில் என்ன பிடித்திருந்தீர்கள்? எது இல்லாமல் போனால் இது நம்ம ஊர் மாதிரியே இருக்காது? ஒரு பதிலுக்கு ஒரு துண்டுச்சீட்டு. சீட்டில் பொருளின் பெயர் மட்டும். "ஒற்றுமை", "வளர்ச்சி" என்று எழுதி வந்தால் "அதைக் கையால் தொட முடியுமா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

வேதாரண்யத்தை எடுத்துக்கொள்வோம். எதையும் விட மனசு வராத ஊர் என்பதாலேயே பாடம் நடத்த நல்ல ஊர். உப்பளம் இருக்கிறது, 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த உப்பு சத்தியாக்கிரகம் இருக்கிறது. அப்பர் பாடித் திறந்து சம்பந்தர் பாடி அடைத்ததாகச் சொல்லும் கோயில் கதவு. "வேதாரண்யம் விளக்கழகு" என்ற பழமொழியின் விளக்கு. முல்லைப்பூ. பக்கத்திலேயே கோடியக்கரை: வெளிமான் (பிளாக்பக்), குளிர்காலத்தில் வரும் பூநாரை (ஃபிளமிங்கோ). 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளைச் சொல்லும் பிள்ளைகளும் இருப்பார்கள். அத்தனையும் நியாயமான சீட்டுகள். அத்தனையையும் ஒரு வட்டத்துக்குள் திணித்தால் அது கல்யாண மண்டபத்து விளம்பரம்.

கை தூக்கச் சொல்லி ஓட்டெடுக்காதீர்கள். முன்பெஞ்சுக்காரன் கையைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும். சீட்டுகளைத் தரையில் பரப்பி, தலைக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு சீட்டில் ஒரு கொட்டைக்கு மேல் வைக்கக் கூடாது, தான் எழுதிய சீட்டில் வைக்கவே கூடாது. அதிகம் சேர்ந்த நாலைந்து சீட்டுகள் போதும். பிறகு ஒரே கேள்வி: இதைப் பார்த்து "இது எங்களுடையது இல்லை" என்று சொல்லும் பிள்ளை இந்த வகுப்பில் யாராவது உண்டா? கதவும் விளக்கும் அழகான வடிவங்கள்தான். ஆனால் கோயிலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளை இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. உப்பை எவரும் தள்ள மாட்டார்கள். தள்ளினால் அதையும் கேட்க வேண்டும்: உப்பளத்தில் கால் வெந்து வேலை செய்யும் அம்மாவின் பிள்ளைக்கு அந்த வெள்ளைக் குவியல் பெருமையாகத் தோன்றாமல் போகலாம். இந்தப் பேச்சுக்கு ஒரு முழுப் பீரியட் போனால் போகட்டும்.

இனிக் கழிப்பது. ஒரே பொருளை மூன்று தடவை வரையச் சொல்லுங்கள்: முதலில் 3 நிமிடம், அடுத்து 1 நிமிடம், கடைசியில் 15 விநாடி. பூநாரையை 3 நிமிடத்தில் இறகு, கண், தண்ணீர், நிழல் எல்லாம் போட்டு வரைவார்கள். 15 விநாடியில் வளைந்த கழுத்தும் நீண்ட காலும்தான் மிஞ்சும். அந்த மிச்சம்தான் சின்னத்தின் எலும்பு. இங்கே ஒரு வழக்கமான தவறு நடக்கும்: பத்தில் எட்டுப் பிள்ளைகள் வரைவது பூநாரை இல்லை, கொக்கு. வயலில் தினம் பார்க்கும் பறவை அதுதானே. கொக்கின் அலகு ஈட்டி மாதிரி நேராகப் போகும். பூநாரையின் அலகு பாதியில் சட்டென்று கீழே மடங்கும், நுனி கறுப்பு. அந்த ஒரு மடிப்பு இல்லாவிட்டால் ஊரே மாறிவிடும். ஆகவே இந்தக் கட்டத்தில் நல்ல புகைப்படம் கையில் இருக்க வேண்டும். வெளிமானுக்கு அப்படி அடையாளம், கிடாவின் முறுக்குக் கொம்பு. உடம்பை விட்டுவிட்டு முறுக்கிய இரண்டு கொம்பை மட்டும் வைத்தாலும் மான் தெரியும்.

மாதிரிக்குக் கம்பெனி லோகோக்களைக் காட்டாமல் தேர்தல் ஆணையத்தின் சின்னங்களைக் காட்டுங்கள். எழுத்துத் தெரியாத வாக்காளரும் பார்த்தவுடன் அடையாளம் காண வேண்டும் என்று 1951-52 முதல் பொதுத்தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கும் கறுப்புவெள்ளைப் படங்கள் அவை. கூடவே சோழர் செப்பேட்டு முத்திரையையும் காட்டலாம்: நடுவில் புலி, பக்கத்தில் பாண்டியரின் இரட்டைக் கயல், சேரரின் வில், மேலே குடை, சாமரம். ஓர் எழுத்து படிக்காமலே யார் யாரை வென்றார்கள் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த பீரியடில் பென்சிலைப் பிடுங்கிவிட்டுக் கத்தரிக்கோலைக் கொடுங்கள். கறுப்பு சார்ட்டில் 10 செ.மீ. சதுரம், ஆளுக்கு மூன்று. பென்சில் இருந்தால் நுணுக்கம் சேர்த்துக்கொண்டே போவார்கள். கத்தரிக்கோல் அதற்கு இடம் தராது. எந்தப் பகுதியும் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். காரணம் கணக்குதான்: 10 செ.மீ. படத்தை 2 செ.மீ. பேட்ஜுக்குச் சுருக்கினால் 4 மி.மீ. கோடு 0.8 மி.மீ. ஆகும், கண்ணுக்குத் தெரியும். 2 மி.மீ. கோடு 0.4 ஆகி மெலிந்துவிடும். பூநாரையின் கால் இங்கேதான் மாட்டும். இரண்டு மெல்லிய காலுக்குப் பதில் ஒற்றைக்காலில் நிற்கவைத்து 5 மி.மீ. தடிமன் கொடுத்தால் தப்பிக்கும். தாளை மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். ஆனால் மடித்த ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும்; திறந்த ஓரத்தைப் பிடித்து வெட்டிவிட்டு இரண்டு துண்டாக வந்ததே என்று முழிக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு. ஒட்டும்போது ஃபெவிகாலை முழுக்கத் தடவினால் சார்ட் சுருங்கும். நாலு மூலையில் பொட்டு வைத்தால் போதும்.

ஒரு சின்னத்தில் இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். இரண்டு என்றாலும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சண்டை போட்டவர்கள் மாதிரி நிற்கும். ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று பிறக்க வேண்டும். கறுப்புச் சதுரத்தை மேலிருந்து பார்த்த உப்புப் பாத்தி மாதிரி நாலு கட்டமாகப் பிரித்து, மூன்றை அப்படியே விட்டு, நாலாவதில் பூநாரையின் கழுத்தை வெட்டி எடுத்தால் தாளின் வெள்ளையே பறவையாகும். உப்பின் பிரச்சினையும் இதில் தீரும். வெள்ளை உப்பை வெள்ளைத் தாளில் வரைய முடியாது. அதைச் சுற்றியுள்ள இருட்டைத்தான் வரைய வேண்டும். புள்ளிக்கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், இடைவெளியை எண்ணிப் பழகிய கை அது.

சோதனை மூன்று. 2 செ.மீ.க்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுங்கள். சுவரில் ஒட்டி 10 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: மறுநாள் காலை, பார்க்காமல், நினைவிலிருந்து எல்லாரையும் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மறந்த பகுதி எதுவோ அதைச் சின்னத்திலிருந்தும் எடுத்துவிடலாம். போட்டவர் அழுவார், பரவாயில்லை. தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் சில உருவங்கள் உண்டு.

கட்சி விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். முதலில் சொன்ன இரண்டு மலையும் சூரியனும் ஒரு கட்சியின் சின்னமேதான். கிழக்குக் கடற்கரைப் பிள்ளைக்குச் சூரியன் கடலில் உதிப்பது தினசரிக் காட்சி, அதில் அரசியல் இல்லை. ஆனாலும் சுவரில் தீட்டியதும் கேள்வி வரும். இரட்டை இலை, கை, தாமரை, கறுப்பு-சிவப்பு ஜோடி எல்லாவற்றுக்கும் இதே கதி. நாலு சிங்கம் வேண்டவே வேண்டாம். அரசுச் சின்னத்தை முறையற்றுப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் சட்டமே வந்திருக்கிறது.

நிறத்தைக் கடைசி வரை அலமாரியில் பூட்டி வையுங்கள். கறுப்பில் நிற்காத சின்னம் எந்த நிறத்திலும் நிற்காது. பிறகு ஒரு நிறம், மிஞ்சினால் இரண்டு. பூநாரைக்கு இளஞ்சிவப்புத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். வெள்ளைத் தாளில் அது வெளிறும், ஜெராக்ஸில் மறையும். கருநீலப் பின்னணியில் வைத்தால் நிற்கும். ஊர்ப் பெயரை வட்டமாக வளைத்து எழுத விடாதீர்கள். 2 செ.மீ.யில் "ண்"ணின் புள்ளி முதலில் போகும், பிறகு சுழிகள் மையில் அடைந்துவிடும். பெயர் வேண்டுமென்றால் சின்னத்துக்குக் கீழே, நேர்வரியில்.

ஒரு ஆபத்து பெரியவர்களிடமிருந்து வரும். "கொஞ்சம் திருத்தித் தர்றேன்" என்று டிராயிங் மாஸ்டர் கை வைத்த நிமிடம் அது அவருடைய சின்னம். குழுவில் நன்றாக வரையும் பிள்ளையும் அப்படித்தான், எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும். பீரியடுக்குப் பீரியட் வேலையை மாற்றிக் கொடுங்கள்.

சுவரில் பெரிதாக்கக் கட்டம் போடுங்கள். 10 செ.மீ. படத்தில் 1 செ.மீ. கட்டம், சுவரில் 1.5 மீட்டர் என்றால் கட்டம் 15 செ.மீ. நீலப்பொடி தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். பொரிந்த சுண்ணாம்புச் சுவரானால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டுத்தான் எமல்ஷன். இல்லாவிட்டால் அடுத்த மழையில் சின்னம் செதில் செதிலாக உதிரும். ஓரத்துக்கு ஒட்டிய டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காயும் முன்பே, சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் ஓரமும் கூடவே வரும்.