இரண்டாவது கார்டு காலி

போன வருடம் பட்டர்வொர்த்தில் சித்தி மகள் கல்யாணம். சொந்தக்காரப் பெண் என்பதால் நான்தான் படம் எடுத்தேன். கேமராவில் இரண்டு கார்டு போட்டிருக்கிறேனே, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தெம்பில் எண்ணூறு படம் எடுத்துவிட்டு, இலை போட்டதும் உட்கார்ந்து பாயசம் வரை நிதானமாகச் சாப்பிட்டு, பாலம் தாண்டிப் பினாங்குத் தீவில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். இரவு முதல் கார்டைச் செருகினால் கணினி ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது. சரி, இன்னொன்றைப் போடுவோம் என்று போட்டேன்.

காலி. ஒரு படம்கூட இல்லை.

விஷயம் இதுதான். இரண்டு கார்டு போட்டால் மட்டும் போதாது, மெனுவில் ‘பேக்கப்’ என்று வைத்தால்தான் ஒரே படம் இரண்டிலும் விழும். என்னுடையது ‘ஓவர்ஃப்ளோ’வில் இருந்தது, அதாவது முதல் கார்டு நிரம்பினால்தான் அடுத்ததில் எழுதும். முந்தின வாரம் ஒரு நீண்ட விருந்துக்கு நானே மாற்றி வைத்து மறந்திருக்கிறேன்.

நல்லவேளை, ஃபார்மட்டும் செய்யவில்லை, அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதவுமில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், எந்தப் படம் எங்கே என்ற பட்டியல் கெட்டுப்போனாலும் கார்டில் கிடக்கும் படங்களைத் தேடி எடுக்கும். விடியும்வரை ஓடியது. பெயர்களெல்லாம் போய் வெறும் எண்களாக முக்கால்வாசி வந்தன. தாலி கட்டும் நேரத்துப் படங்கள் மட்டும் மேல்பாதி மாப்பிள்ளை, கீழ்பாதி சாம்பல் நிறம்.

“தாலி கட்டுறது எங்கப்பா?” என்று சித்தி கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசியில் மாமா கைத்தொலைபேசியில் எடுத்த ஒன்று அகப்பட்டது. புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், சும்மா அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம். ஆல்பத்தில் இப்போது அதுதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு, இரண்டு டிஸ்கில் ஏற்றி, நடுவிலும் கடைசியிலும் பத்துப் படத்தையாவது பெரிதாகத் திறந்து பார்க்காமல் கார்டை அழிப்பதில்லை. ‘காப்பி முடிந்தது’ என்று கணினி சொல்வதை நான் நம்புவதில்லை. ரெய்ட், அதாவது பல டிஸ்கில் சேர்த்தே எழுதும் பெட்டி, வாங்கிவிட்டேன், கவலையில்லை என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும், சரி. தூக்கக் கலக்கத்தில் நீங்களே ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்கிலும் சேர்ந்தேதான் அழியும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இது. அந்த ‘வேறு இடம்’ ஏன் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2017 நவம்பர் வெள்ளம் போதும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் ரா படம் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்), ஒவ்வொன்றும் 25 எம்பி என்றால் 50 ஜிபி. கிளவுடில் ஏற்றுகிறேன், ஆனால் மெதுவாகத்தான் ஏறும். அதனால் மூன்றாவது டிஸ்கை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு பிஸ்கட் டின்னில் போட்டு, சுங்கை பட்டாணியில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் அந்த டிஸ்கை மாற்றப் போனேன். டின்னில் முறுக்கு இருந்தது. டிஸ்க் டிவிக்குப் பின்னால். “டின்னு நல்லா இருந்துச்சுடா” என்றார் அக்கா.