விடை வராதபோது எப்படி ஓய்வெடுப்பது?

மண்டையை உடைத்துக்கொண்டபோது வராத விடை, குளிக்கும்போது தானாக வந்து நிற்கும். இது தற்செயல் இல்லை. அதற்காகச் சும்மா இருந்தாலே வந்துவிடும் என்றும் இல்லை. எப்போது எழுந்து போகிறோம், போய் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நாம் எங்கே மாட்டிக்கொள்கிறோம் என்பதைக் காட்ட உளவியலாளர் கார்ல் டுங்கர் வைத்த சோதனை ஒன்று போதும். ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், சின்ன அட்டைப்பெட்டி நிறைய போர்டு பின். மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தி எரியவிட வேண்டும், கீழே மெழுகு சொட்டக் கூடாது. பலரும் மெழுகுவர்த்தியிலேயே பின்னைக் குத்திப் பார்ப்பார்கள், மெழுகை உருக்கிச் சுவரில் ஒட்டிப் பார்ப்பார்கள். பின்களைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்தினால் வேலை முடிந்தது. பெட்டி கண்ணெதிரேதான் இருக்கிறது. ஆனால் 'அது பின் வைக்கிற பெட்டி' என்று மனம் முடிவுகட்டிவிட்டது. அதே பெட்டியைக் காலியாகக் கொடுத்தால் நிறையப் பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உற்றுப் பார்க்கப் பார்க்க அந்த முடிவு இறுகுகிறது; சற்று விலகியிருந்தால் தளர்கிறது.

ஆகவே, மாட்டிக்கொள்வதற்கு முன்பே எடுக்கிற ஓய்வால் பயனில்லை. நாற்பத்தைந்து நிமிடமாவது முட்டிமோத வேண்டும். ஒரே யோசனை மூன்றாவது முறை திரும்பி வந்தால் எழுந்துவிடலாம். எழுவதற்கு முன் கேள்வியை ஒற்றை வரியில் எழுதுங்கள். 'அறிக்கை சரியாக வரவில்லை' என்பது புலம்பல். 'ஐந்து பக்க விஷயத்தை ஒரு பக்கத்தில் சொல்ல எதை வெட்டலாம்?' என்பதுதான் கேள்வி. அதன் கீழே, முயன்று பார்த்த வழிகளும் ஒவ்வொன்றும் எங்கே உதைத்தது என்பதும் இருக்கட்டும்.

பிறகு 15 முதல் 20 நிமிடம், கைக்கு வேலையும் மனதுக்கு ஓய்வும் தருகிற ஏதாவது: நடை, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது. போனை மட்டும் தொடாதீர்கள். திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தால் மனம் அலைய ஒரு நொடிகூடக் கிடைக்காது. ஸ்டான்ஃபோர்டில் 2014-இல் வெளிவந்த ஆய்வில், நடந்தவர்களுக்குப் புது யோசனைகள் கூடுதலாக வந்தன. ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களுக்கு நடை கைகொடுக்கவில்லை. கணக்கைச் சரிபார்க்க வேண்டுமென்றால் உட்கார்ந்தே பாருங்கள்.

குட்டித் தூக்கமும் உதவும், ஆனால் அளவு முக்கியம். பாரிஸில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், எண் புதிர் ஒன்றில் ஒளிந்திருந்த குறுக்குவழியை விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள். உறக்கத்தின் முதல் கட்டத்தில் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம். அதைத் தாண்டி ஆழ்ந்தவர்களில் 14 சதவீதம்தான்! ஆகவே படுக்கை வேண்டாம், சாய்வு நாற்காலி போதும். கையில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண் அசரும்போது அது விழுகிற சத்தத்தில் விழிப்பு வந்துவிடும். அந்த ஆய்விலும் கையில் ஒரு பொருளைக் கொடுத்துத்தான் உட்கார வைத்தார்கள்.

உடல் ஓய்ந்தும் மனம் ஓயாமல் 'நேரமாகிறதே' என்று அரித்தால், நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

தோன்றியதை உடனே குறித்துவையுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. பளிச்சென்று வருகிற எதுவும் சரியாகத்தான் தோன்றும், அதுதான் ஆபத்து. கணித மேதை புவான்கரேக்கு ஒரு பயணத்தில், வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் விடை தட்டியது. சரிதான் என்று அப்போதே உறுதியாகத் தெரிந்தும், ஊர் திரும்பியதும் உட்கார்ந்து சரிபார்த்தார்.

இரண்டு மூன்று சுற்று போய்வந்தும் ஒன்றும் பெயரவில்லையென்றால், பெரும்பாலும் உங்களிடம் தகவல் போதவில்லை. அப்போது நடக்கப் போகாதீர்கள். தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள்.