தட்டிக் கொல்லாதீங்க, ஊதி விடுங்க

நேத்து ராத்திரி டியூப்லைட் கீழ மறுபடியும் அந்த ஆசிட் பூச்சி. பாக்க எறும்பு மாதிரி, ஒரு செ.மீ. கூட இருக்காது, ஆனா கலரைப் பாருங்க, கறுப்புத் தலை, ஆரஞ்சு உடம்பு, முதுகுல நீலமா மின்னுற குட்டை இறக்கை மூடி, நெஜமாவே அழகு.

இது வண்டு இனம், பேரு பெடரஸ். கடிக்காது, கொட்டாது. ஆனா தோல் மேல வச்சு நசுக்கிட்டா உள்ள இருக்குற பெடரின்ங்கிற விஷம் பட்டு, உடனே ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு கோடு போட்ட மாதிரி செவந்து கொப்பளிக்கும், நம்மாளுங்க அக்கின்னு நெனச்சு செம்மண் பூசுவாங்க. அந்த விஷத்தை உண்டாக்குறது வண்டுக்குள்ள வாழற பாக்டீரியாவாம், படிச்சப்போ அசந்துட்டேன்.

வயல்ல இது நம்ம ஆளு. நெல்லை நாசம் பண்ற புகையான் பூச்சியைப் பிடிச்சுத் தின்னும். தயவுசெஞ்சு இதுக்குன்னு மருந்து அடிக்காதீங்க.

மேல உக்காந்தா மெதுவா ஊதி விடுங்க. தெரியாம நசுக்கிட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க, அந்தக் கையோட கண்ணைத் தொடவே கூடாது. குழந்தைங்க தூங்குற ரூம்ல லைட்டை சீக்கிரம் அணைச்சிடுங்க, வெளிச்சத்துக்குத்தான் வருது.