பத்து மணி நேரத்துக்குள் டர்பன்

2022 ஆகஸ்ட் 28, சாயங்காலம். டர்பன் மோசஸ் மபிதா அரங்கத்தின் படிக்கட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் பார்த்து இறங்கத் தொடை இடம் கொடுக்கவில்லை. காம்ரேட்ஸ் ஓட்டத்தை 11 மணி 21 நிமிடத்தில் முடித்திருந்தேன். 12 மணி நேரக் கெடுவுக்குள் வந்தாயிற்று, விக் கிளாபம் பெயரில் உள்ள பதக்கமும் கைக்கு வந்தாயிற்று. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கு மட்டும் ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் பாதிக்கு 4 மணி 40 நிமிடம். இரண்டாம் பாதிக்கு 6 மணி 41. அதுவும் கடலை நோக்கி இறங்குகிற பாதிக்கு!

தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக, விக் கிளாபம் என்ற முன்னாள் சிப்பாய் 1921 மே 24 அன்று இந்த ஓட்டத்தைத் தொடங்கினார். அன்றைக்குக் கிளம்பியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர். வழக்கமாக ஒரு வருடம் டர்பனிலிருந்து மேலே ஏறுவார்கள், மறு வருடம் டர்பனுக்குக் கீழே இறங்குவார்கள். அதனால் இங்கே யாரிடமாவது உங்கள் சிறந்த நேரம் என்ன என்று கேட்டால், "ஏற்றத்திலா, இறக்கத்திலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நான் சொல்லப்போவது 2022, 2023 என்று அடுத்தடுத்து வந்த இரண்டு இறக்கங்களின் கதை. இறக்கம்தானே என்று நினைத்து ஏமாந்தவள் நான்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி 2010இல் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்தேன். என் மாமனாரின் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது குடும்பம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தது. காம்ரேட்ஸ் நாளில் மேட்டு ரோட்டுக்கு ஏறிப்போய் வேடிக்கை பார்ப்பார்களாம். தண்ணீர் கொடுக்கலாம், கை தட்டலாம், ஓட மட்டும் முடியாது. வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டம். அப்புறம் நிறவெறி அரசு கேட்டோ மேனரைக் காலிசெய்யச் சொல்லி இவர்களை சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டியது. எல்லா இனத்தவரும் பெண்களும் முறைப்படி ஓடலாம் என்று கதவு திறந்தது 1975இல். அப்போது மாமாவுக்கு 24 வயது. "வேலைக்குப் போய் நின்னாத்தான் சோறு. ஓட்டம் எங்கே?" என்பார்.

ஆனால் அதற்கு 40 வருடம் முன்பே, 1935இல், ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பின வீரர் அனுமதி இல்லாமலேயே ஓடி முடித்திருக்கிறார். கணக்கிலும் ஏறவில்லை, பதக்கமும் இல்லை. 2019இலிருந்து 9 மணி நேரத்துக்கு மேல், 10 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குத் தரும் பதக்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பதக்கம். 11 மணி 21இலிருந்து 10 மணிக்குள். எங்கள் கிளப்பில் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒருவர், நாங்கள் 'அண்ணா' என்று கூப்பிடுகிற பச்சை எண் காரர். பத்து முறை காம்ரேட்ஸ் முடித்தவர்களுக்கு அந்த எண்ணை நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள், வேறு யாருக்கும் போகாது. என் கைக்கடிகாரப் பதிவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "முதல் 30 கிலோமீட்டர்ல எத்தனை தடவை நடந்தே?" ஒரு தடவைகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். "அதான் பின்னாடி 20 கிலோமீட்டர் நடந்திருக்கே," என்றார்.

கூடவே உடம்பில் நடந்ததையும் விளக்கினார். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் அது நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டும். பிரேக் கட்டை தேய்கிற மாதிரி. அதில் தசை இழைகள் நுண்ணிய அளவில் கிழிகின்றன. மூச்சு இருக்கும், மனசு இருக்கும், கால் இருக்காது. நல்ல செய்தி என்னவென்றால், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தசை அடுத்த முறை அவ்வளவு கிழியாது. ஆக, மேட்டில் ஏறிப் பழகுவதைவிட இறங்கிப் பழகுவதுதான் எனக்கு முக்கியம்.

சாட்ஸ்வொர்த்தில் மேடு பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. ஜனவரியிலிருந்து வாரம் ஒரு நாள் இறக்கப் பயிற்சி. ஒரு நீளமான சரிவில் மெதுவாக ஏறி, சின்னச் சின்ன அடிகளாக வேகமாக இறங்குவது. முதல் வாரம் நான்கு முறை, மே தொடக்கத்தில் பன்னிரண்டு முறை. குதிகாலைக் குத்தி இறங்கினால் அண்ணா பின்னாலிருந்து கத்துவார். காலையில் நாலரைக்குக் கிளம்புவோம். 2023இன் மின்வெட்டை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெருவிளக்கு இருக்காது, சிக்னல் இருக்காது, நெற்றியில் கட்டிய விளக்கு மட்டும்தான். தனியாக ஒரு பெண் ஓடுகிற ஊரும் இல்லை இது, ஏழெட்டுப் பேராகச் சேர்ந்துதான் ஓடுவோம். யாராவது ஒருவர் வராவிட்டால் போன் பறக்கும். உண்மையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது லட்சியம் எல்லாம் இல்லை, அந்தப் போன் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

தைப்பூசம் பிப்ரவரி 5. பத்து நாள் விரதமிருந்து வெறுங்காலோடு பால்குடம் எடுத்தேன். உள்ளங்கால் கொப்புளத்தைப் பார்த்து அண்ணா ஒன்றும் சொல்லவில்லை, அவருமே காவடி எடுத்திருந்தார். மாதக் கடைசியில் தகுதி மாரத்தான். காம்ரேட்ஸுக்குள் நுழைய 42.2 கிலோமீட்டரை 4 மணி 50 நிமிடத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். முந்தின முறை 4:42இல் தப்பித்தேன். இந்த முறை 4:03. இதில் தகுதி மட்டும் இல்லை, வேறொரு லாபமும் உண்டு. தகுதி நேரத்தை வைத்துத்தான் தொடக்கத்தில் எந்த வரிசையில் நிற்பது என்று பிரிப்பார்கள். நேரமோ அப்போது துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்தே எல்லோருக்கும் ஓடத் தொடங்கிவிட்டது. 2022இல் கடைசிக் கூட்டத்தில் நின்று, கோட்டைத் தாண்டவே எனக்குப் பத்து நிமிடம் போயிற்று. காம்ரேட்ஸில் நேரத்தைக் குறைக்கும் வேலை பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது என்று யாரும் எனக்கு முன்பு சொல்லவில்லை.

சாப்பாட்டில் நிறைய பரிசோதனை செய்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். ஓடும்போது சாப்பிடக் கடையில் விற்கிற சர்க்கரை ஜெல் நான்குக்கு மேல் போனால் குமட்டும். கடைசியில் கைகொடுத்தது அத்தையின் சமையலறை. ஆடிக்கு மாரியம்மனுக்கு ஊற்றுகிற அதே சோளமாவுக் கூழ், உப்பும் மோரும் கரைத்து, நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால். ஓடும்போது சுண்டைக்காய் அளவு எலுமிச்சை ஊறுகாய்த் துண்டுகள், சின்ன பிளாஸ்டிக் பையில். வாய் தித்தித்துப் போகும்போது ஒன்றை நாக்கில் வைத்தால் உயிர் வந்த மாதிரி இருக்கும். "சாமி கூழைக் குடிச்சிட்டு ஓடுறே, தோத்துட்டு வந்துடாதே," என்றார் அத்தை.

ஜனவரியிலிருந்து மே முடிய சுமார் 1,100 கிலோமீட்டர். அதிகபட்சம் ஒரே நாளில் 56. கடைசி மூன்று வாரம் பாதியாகக் குறைத்து, ஒன்றும் செய்யாமல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஜூன் 11. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபத்துக்கு முன்னால், கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு நின்றேன். ஜூன் மாதக் குளிர், பல் தந்தியடித்தது. தேசிய கீதம், அப்புறம் ரயிலில் சுரங்க வேலைக்குப் போன தொழிலாளர்களின் பழைய பாட்டு, அப்புறம் ஒலிப்பதிவில் ஒரு சேவல் கூவல், ஐந்தரைக்கு வெடி. இந்த முறை கோட்டைத் தாண்ட மூன்று நிமிடம்.

10 மணிக்குள் வர கிலோமீட்டருக்குச் சராசரி 6 நிமிடம் 50 நொடி போதும். அண்ணா போட்டுக் கொடுத்த திட்டம் எளிது: இருட்டில் இருக்கும்போதே நட. மேடு தெரிந்தால் நட, தெரியாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நிமிடம் நட. முதல் கிலோமீட்டர்களில் நடப்பது அவ்வளவு அவமானமாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் "என்ன ஆச்சு?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். பாலி ஷார்ட்ஸ் என்கிற மேட்டின் இறக்கத்தில் எல்லோரும் பாய்ந்து ஓட, நான் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இறங்கினேன். இறக்க ஓட்டம் என்று பேர்தானே ஒழிய, முதல் 20 கிலோமீட்டர் அளவுக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். பாதையிலேயே உயரமான இடம், கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல், உம்லாஸ் ரோடு பக்கம்தான் வருகிறது. இங்கே கிலோமீட்டர் பலகைகள் ஓடியதைக் காட்டாது, மீதி இருப்பதைக் காட்டும். 70 என்று ஒரு பலகையைப் பார்த்து உற்சாகம் வருகிற மனிதர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேம்பர்டவுன் கோழிப் பண்ணை வாடையைக் கடந்து, கேட்டோ ரிட்ஜ் கடந்து, இஞ்சாங்கா மேட்டில் எதெம்பெனி பள்ளிப் பிள்ளைகள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும் வரிசையாகக் கை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். போன முறை நேரம் போகிறதென்று ரோட்டின் மறுபக்கமாக ஓடிவிட்டேன். இந்த முறை எல்லாக் கையையும் தொட்டுக்கொண்டு நடந்தேன். திட்டத்திலும் அது நடக்க வேண்டிய நிமிடம்தான்.

டிரம்மண்டில் பாதி. 4 மணி 58. கொஞ்சம் தாண்டினால் ஆர்தர்ஸ் சீட். ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் உட்கார்ந்து இளைப்பாறியதாகச் சொல்லும் ஒரு குடைவு. அதில் ஒரு பூவை வைத்து வணக்கம் சொன்னால் இரண்டாம் பாதி நல்லபடியாகப் போகும் என்பது நம்பிக்கை. பிள்ளையாரைக் கண்டால் நிற்கிற ஆளுக்கு இதிலென்ன கஷ்டம், பூ வைத்துவிட்டுத்தான் போனேன்.

போத்தாஸ் ஹில், ஹில்கிரெஸ்ட். அப்புறம் ஃபீல்ட்ஸ் ஹில். மூன்று கிலோமீட்டர் செங்குத்து இறக்கம். போன வருடம் என் தொடைகள் செத்த இடம் இது. முதல் அடி வைக்கும்போது வயிறு கலங்கியது. சின்ன அடி, சின்ன அடி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். வலித்தது. ஆனால் அது வேலை செய்கிற காலின் வலி. சுற்றிலும் பலர் பின்பக்கமாகத் திரும்பி நடந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் பழைய வேஷத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பைன்டவுன் வரும்போது 21 கிலோமீட்டர் மீதி, கடிகாரம் 7 மணி 30.

கௌவீஸ் ஹில்லில்தான் சரிந்தேன். மேடு சின்னதுதான், ஆனால் ஓடத் திரும்பத் தொடங்க முடியவில்லை. கடைசி ஊறுகாய்த் துண்டும் தீர்ந்தது. மேசையில் கொடுத்த உப்புப்போட்ட உருளைக்கிழங்கை மென்றேன், பாக்கெட் தண்ணீரைக் கடித்துப் பீய்ச்சினேன், ஒன்றும் ஆகவில்லை. வெஸ்ட்வில்லில் 14 என்ற பலகை. 8 மணி 19. அப்போது பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பஸ்!

பஸ் என்றால் காம்ரேட்ஸில் கூட்டமாக ஓடுகிறவர்கள். முன்னால் கொடியோடு ஓடுகிறவர் டிரைவர். எப்போது ஓடுவது, எப்போது நடப்பது என்று அவர் குரல் கொடுப்பார், எல்லோரும் செய்வார்கள். இது 10 மணி நேர பஸ். அறுபது எழுபது பேர், ஜூலு பாட்டு, ஒரே தாளத்தில் காலடி. பக்கத்தில் ஓடிய ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அதன்பிறகு நான் யோசிக்கவே இல்லை. ஓடு என்றால் ஓடினேன், நட என்றால் நடந்தேன். பாட்டுக்கு அர்த்தம் தெரியாமல் வாயசைத்தேன்.

மேட்டு ரோட்டில் மாமாவும் அத்தையும் நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாமா சின்ன வயதில் நின்ற அதே பக்கம். கூட்டத்துக்குள் இருந்த என்னை அவர் பார்க்கவில்லை. நான்தான் கத்தினேன். அவர் திரும்புவதற்குள் பஸ் கடந்துவிட்டது.

டோல்கேட்டில் 5 கிலோமீட்டர் மீதி, கடல் தெரிந்தது. டிரைவர் நடக்கச் சொன்னபோது என் கால் நிற்கவில்லை. அந்த அம்மா "போ, போ" என்று கையசைத்தார். அந்த வருடம் ஓட்டம் முடிந்த கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானப் புல்லில் கால் வைத்தபோது மேலே கடிகாரத்தில் முதல் எண் 9 என்பதை மட்டும் பார்த்தேன். 9 மணி 53 நிமிடம். இரண்டாம் பாதி 4 மணி 55.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இன் பாதை 90.2 கிலோமீட்டர், 2023இல் 87.7. கிளப்பில் இன்றுவரை இதை வைத்துக் கேலி செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே வேகத்தில் பழைய தூரத்தை ஓடியிருந்தால் 10 மணி 10 நிமிடம் ஆகியிருக்கும். 71 நிமிட முன்னேற்றம் நிஜம். பதக்கம் மட்டும் போயிருக்கும். அதனால் அந்தக் கணக்கை நான் வீட்டில் சொல்லவில்லை.

ராத்திரி எல்லோருமாக 'பனி சவ்' சாப்பிட்டோம், ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருகிற டர்பன் சாப்பாடு. படிக்கட்டை முன்பக்கமாகவே இறங்கிக் காட்டினேன், ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலோடு. மாமா ம்ட்ஷாலி பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து ரேண்ட் காசைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"இந்த ஆளு அப்போ எத்தனை மணி நேரத்துல ஓடினாராம்?"

"ஒன்பதரை மணி நேரம்னு எழுதியிருக்காங்க மாமா."

கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். பதக்கத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ இன்னும் 23 நிமிஷம் பாக்கி இருக்கும்மா," என்றார்.