கடைசியில் படிக்க வேண்டிய கடிதம்

உதவி ஆய்வாளராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், காங்கயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் இளைஞர் ஒருவர் இறந்து கிடப்பதாகத் தகவல் வந்து போனேன். கட்டிலின் மேல் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. செய்யக் கூடாத மூன்று காரியங்களை அடுத்த பத்து நிமிடங்களுக்குள் செய்து முடித்தேன். தாளை வெறுங்கையால் எடுத்தேன். வாசலில் கூடியிருந்த சனத்துக்கு முன்னால் உரக்கப் படித்தேன். படித்ததும் மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதில் வட்டிக்குப் பணம் கொடுத்த ஒருவரின் பெயர் இருந்தது. அன்றிரவே அவர் வீட்டு ஓடுகள் கல்லெறியில் நொறுங்கின. அவர் மகளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் அந்த வாரமே நின்றுபோனது.

மறுநாள் ஆய்வாளர் என்னை அழைத்து, "கடுதாசியும் ஒரு சாட்சிதானய்யா. சாட்சி சொல்றதைச் சந்தையில நின்னு படிப்பியா?" என்று மட்டும் கேட்டார். ஓய்வு பெறும் வரை ஈரோடு, கோவை மாவட்டங்களிலும், 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமான பிறகு அங்கும் எத்தனையோ சந்தேக மரணங்களை விசாரித்துவிட்டேன். இறந்தவர் விட்டுச் சென்ற கடிதம் இருந்த ஒவ்வொரு வழக்கிலும் அந்தக் கேள்வி என் காதருகே நின்றது.

அத்தகைய கடிதம் கிடைத்த மாத்திரத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது என்பதுதான் அதில் உள்ள முதல் ஆபத்து. குடும்பத்துக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, காவல் நிலையத்துக்கு ஒரு முடிவு கிடைக்கிறது, பத்திரிகைக்கு 'உருக்கமான கடிதம் சிக்கியது' என்ற தலைப்பு கிடைக்கிறது. ஆனால் அன்று குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு என்றும், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவு என்றும் எழுதப்படுகிற பிரேத விசாரணையின் வேலை, மரணம் எப்படி நேர்ந்தது என்பதை, அக்கம்பக்கத்தாரான பஞ்சாயத்தார் முன்னிலையில் கண்டறிவதே. இடமும் உடலும் சொல்லும் கதையை முதலில் கேட்டுவிட்டு, கடிதம் சொல்லும் கதை அதோடு பொருந்துகிறதா என்று பிறகு பார்க்க வேண்டும். கடிதத்தை முதலில் படித்தவனுக்கு, அதன் பிறகு அந்த அறையில் தெரிவதெல்லாம் கடிதத்தில் உள்ளவை மட்டுமே. ஆகவே பிற்காலத்தில் நான் கடிதத்தைக் கிடந்த இடத்திலேயே படமெடுக்கச் சொல்லிவிட்டு, படிக்காமலே முதலில் அறையைச் சுற்றி வருவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். உடன் வந்த காவலர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றியதும் எனக்குத் தெரியும்.

தாளைக் கையாளும் முறையிலேயே பல வழக்குகள் கெட்டுப்போகின்றன. கையுறையோடு எடுத்து, புதிய மடிப்பு விழாமல், ஈரம் தங்கிவிடும் பிளாஸ்டிக்கைத் தவிர்த்துக் காகித உறையில் வைத்து, மகஜர் என்ற கைப்பற்றல் குறிப்பு எழுதிக் கைப்பற்றி, படிவம் 95 மூலம் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கிருந்து தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஒருமுறை எங்கள் ரைட்டர் கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டு, அதன் மேல் குற்ற எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினார். கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பள்ளங்களை எடுத்துக்காட்டும் கருவியின் கீழ் ஆய்வகத்தார் அந்தத் தாளை வைத்தபோது, அவர்களுக்குக் கிடைத்தது எங்கள் நிலையத்தின் குற்ற எண்தான். விரல் ரேகை எடுக்கும் நின்ஹைட்ரின் கரைசல் மையைக் கலங்கவைக்கக் கூடும் என்பதால், எழுத்தாய்வு முடிந்த பிறகே ரேகை ஆய்வுக்குப் போக வேண்டும் என்ற வரிசையும் உண்டு.

"என் சாவுக்கு யாரும் காரணமில்லை" என்ற வாக்கியத்தை நான் எத்தனை தாள்களில் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. சினிமாவிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் வந்து, விண்ணப்பத்தில் 'இப்படிக்கு' எழுதுவதைப் போலச் சடங்காகிவிட்ட வாக்கியம் அது. அது இருப்பதால் எதுவும் நிரூபணமாவதில்லை. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால், அந்த வாக்கியத்தைப் பத்துமுறை எழுதி வைத்திருந்தாலும் கோட்டாட்சியர் விசாரணை நடந்தே ஆக வேண்டும்.

பவானி ஆற்றோரத்து ஊரொன்றில் அப்படி ஒரு தாள் கிடைத்தது. திருமணமாகி மூன்றாண்டுகூட ஆகாத பெண். கடிதத்தை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய கணவர். எழுத்து அந்தப் பெண்ணுடையதுதான் என்பதில் அவர் தாய்க்கே சந்தேகமில்லை. ஆனால் அது தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது; முன்பக்கத்திலிருந்த தேதி ஏழு மாதம் பழையது. கிழித்த தாள்களைக் கணக்கெழுத எடுத்து வைக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் இருப்பதால், தேதி மட்டும் எதையும் சொல்லிவிடாது. தாளின் மடிப்புகளை உருப்பெருக்கியின் கீழ் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: மடிப்பின் வெளிவிளிம்புகள் அழுக்கேறி, இழை பிரிந்து, பர்ஸில் பல காலம் கிடந்த ரூபாய் நோட்டைப் போலத் தேய்ந்திருந்தன. அன்று காலையில் எழுதிய தாளுக்கு அந்தத் தேய்மானம் வராது. ஆடி மாதம் சண்டையில் பிறந்தகம் போன பெண்ணை, பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்பியபோது, "எனக்கு எதுவானாலும் யாரும் காரணமில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டதைத் தாய் கோட்டாட்சியரிடம் பிறகு சொன்னார். கையெழுத்து அவருடையது, நாள் அவருடையதல்ல. மோசடியான கடிதம் என்றால் கையெழுத்து பொய்யாக இருக்க வேண்டும் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.

இறந்தவரிடம் மாதிரிக் கையெழுத்து வாங்க முடியாது என்பது இந்த ஆய்வின் அடிப்படைச் சிக்கல். உயிரோடு இருக்கும் சந்தேக நபரிடம் நீதித்துறை நடுவரின் உத்தரவு பெற்று எழுதி வாங்கலாம்; இறந்தவருடையதை அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலிருந்துதான் தேடிப் பிடிக்க வேண்டும், அதுவும் மரணத்துக்கு நெருங்கிய காலத்தில் எழுதியதாக இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் அதற்குக் குறைவில்லை. பால் கணக்கு நோட்டு, சீட்டு நோட்டு, தறிப்பட்டறைகளில் பாவு வரவும் கூலிப் பட்டுவாடாவும் குறித்த நோட்டு, மஞ்சள் மூட்டைக் கணக்கு என்று கொங்கு நாட்டுக்காரர்கள் கணக்கை எழுதாமல் இருக்க மாட்டார்கள். மொய் நோட்டை மட்டும் நம்பக் கூடாது. அதில் நாலு பேர் கை மாறியிருக்கும்.

பல்லடம் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் வழக்கில் இந்த நோட்டுகள்தான் எனக்கு ஒரு பாடம் நடத்தின. அவருக்குச் சொந்தமான மூன்று ஏக்கரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி மூத்த மகனுக்குச் சாதகமாக இருந்தது. இளைய மகன் கடிதத்தின் நகலைப் பார்த்ததும், "இது எங்கய்யன் எழுதுனது இல்லீங்க. எங்கய்யன் தும்பிக்கை வெச்ச லை தானுங்க போடுவாங்க" என்றார். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் பள்ளிக்குப் போனவர்கள் ணை, லை, ளை, னை ஆகியவற்றை, தனிக் கொம்பு போடாமல் எழுத்தின் மேலேயே யானைத் தும்பிக்கை போல வளைத்து எழுதுவார்கள். ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழிந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சீர்திருத்தத்தில் மாறியவை மொத்தம் 13 எழுத்துகள். கடிதத்தில் 'நிலை', 'கவலை', 'வேலை' எல்லாம் புதிய வடிவத்தில் இருந்தன. பெரியவரின் பால் நோட்டைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் 'விலை' தும்பிக்கையோடு நின்றது. எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். மூத்த மகனைக் கொலை வழக்கில் சேர்க்க மனதுக்குள் பாதி எழுதியே விட்டேன்.

அதைக் கலைத்தது ஒன்பது வயதுப் பேத்தி. அப்பாரு, அதாவது தாத்தா, தனக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்த நோட்டு என்று அவள் எடுத்து வந்து காட்டியதில், அதே கை, அதே சாய்வு, ழகரத்தின் அடியில் அதே இழுப்பு. ஆனால் எல்லா லையும் புதிய லை. பழைய வடிவம் பேத்திக்குப் படிக்க வராது என்பதால், கணக்குக்கு ஒன்றும் குழந்தைக்கு ஒன்றுமாக அவர் இரண்டு வழக்கம் வைத்திருந்தார். கடிதத்தின் முதல் வரி அந்தப் பேத்தியைத்தான் விளித்திருந்தது. ஆய்வகம் கையெழுத்து ஒன்றே என்றது. நோட்டில் அடுத்த பக்கத்தில் விழுந்திருந்த அழுத்தத் தடங்களில், அதே வாசகத்தை அவர் முன்னரும் எழுதிப் பார்த்திருந்தது தெரிந்தது. கடிதத்தில் நிலத்தைப் பற்றி இருந்ததே தவிர, அலமாரியில் இருந்த மருத்துவமனைக் கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் தொடங்கிய சிகிச்சையை அவர் இரண்டே மாதத்தில் நிறுத்தியிருந்தார். மகன்களுக்கு அது தெரியாது.

திருப்பூரில் சிக்கல் வேறு விதம். பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் ஒடியாவில் எழுதியிருந்த தாளை, அவரை வேலைக்குச் சேர்த்த காண்டிராக்டரே எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். வீட்டுப் பிரச்சினை என்று முடித்துவிட்டார். சந்தேகப்பட்டு வேறொருவரிடம் படிக்கக் கொடுத்தபோது, பிடித்து வைத்த கூலியைப் பற்றி இரண்டு வரிகள் அதில் இருந்தன. இப்போதெல்லாம் தாளே அரிது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது. குரல் கேட்பதால் அது உண்மை என்று நம்பிவிடுகிறோம், ஆனால் மின்னணுப் பதிவுக்கான 65பி சான்றிதழ் இல்லாமல் அதன் நகல் நீதிமன்றத்தில் நிற்காது. புதிய சாட்சியச் சட்டத்தில் அந்தப் பிரிவின் எண் 63.

இந்தக் கடிதத்தைச் சட்டம் மரண வாக்குமூலத்தின் வரிசையில் வைக்கிறது. சாட்சியச் சட்டத்தின் 32(1), இப்போதைய 26(அ), மரணத்தின் காரணத்தையும் அதற்கு இட்டுச் சென்ற சூழ்நிலைகளையும் இறந்தவர் சொன்னதாக ஏற்கிறது. சொன்ன வேளையில் சாவை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்ற ஆங்கிலச் சட்டத்தின் நிபந்தனை நம்மிடம் இல்லை. 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில், இறந்த பெண் தன் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களை உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழ் விரிவாக அலசியது. கொலையா தற்கொலையா என்பதே அங்கு கேள்வி, முடிவில் கணவர் விடுதலையானார். தற்கொலைக்குத் தூண்டியதாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவில், புதிய தண்டனைச் சட்டத்தின் 108-இல், ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், அவர் பெயர் தாளில் இருந்தால் போதாது; தூண்டியதாகவோ, சதி செய்ததாகவோ, துணைபோனதாகவோ செயல் ஒன்று நிரூபணமாக வேண்டும். கடன் கொடுத்ததும் திருப்பிக் கேட்டதும் அந்தச் செயலாகிவிடாது. என் காங்கயத்து வழக்கு அங்கேதான் விழுந்தது.

கடிதமே இல்லாத மரணங்கள்தான் அதிகம் என்பதை நம் ஆட்கள் ஏற்பதில்லை. "ஒரு கடுதாசிகூட எழுதி வெக்கலையே, அப்ப இது வேறதான்" என்று எத்தனையோ தந்தையர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளில் கடிதம் விட்டுச் செல்வோர் சிறுபான்மையினரே. லாஸ் ஏஞ்சலஸ் மரண விசாரணை அலுவலகத்தில் 1949-இல் நூற்றுக்கணக்கான இத்தகைய கடிதங்களைக் கண்டெடுத்து, இந்தத் துறைக்கே வழிபோட்ட உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன், அவற்றில் மனதின் முழு விளக்கம் இருக்கும் என்று தொடங்கி, பின்னாளில் அந்த நம்பிக்கையைத் தளர்த்திக்கொண்டார். அந்த நேரத்து மனம் மிகவும் சுருங்கிப்போயிருப்பதால், தன்னை முழுதாகப் பார்த்து எழுத அதற்கு இயலாது என்றார். பல்லடத்துப் பெரியவரின் அலமாரியை நினைத்துக்கொள்கிறேன். அவர் பொய் எழுதவில்லை. அவருக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். கொஞ்ச காலம் மருந்தைத் தொடர்ந்திருந்தால் வேறு பலவும் தெரிந்திருக்கும். கடிதத்தின் வாசகங்களைச் செய்தியில் போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்வதும் இதனால்தான் என்பது என் எண்ணம்: சுருங்கிய மனதின் கணக்கை, அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் நியாயமாக எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் 104, 14416 என்ற உதவி எண்களைப் பெரிதாக அச்சிட்டால் போதும்.

காங்கயத்து வழக்கில் எதிர்த்தரப்பு கடிதமே போலி என்றதால், தாள் எழுத்தாய்வுக்கும் பிறகு ரேகை ஆய்வுக்கும் போனது. எழுத்து அந்த இளைஞருடையதே. ரேகைகளில் மிகத் தெளிவாக வந்தது என்னுடையது. கூண்டில் நின்ற என்னிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார். வழக்கு விடுதலையில் முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் கழிந்த பின், இளைஞரின் அண்ணன் மனுப்போட்டுக் கடிதத்தை நீதிமன்றத்திலிருந்து வாங்கினார். ஒருநாள் தாயையும் கூட்டிக்கொண்டு நான் அப்போது இருந்த நிலையத்துக்கு வந்தார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் யாரிடமும் படிக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"அன்னைக்கு நீங்க படிச்சப்ப, அந்தாளு பேரு வந்ததுமே சனம் கத்துன கத்துல அதுக்கப்புறம் ஒண்ணும் என் காதுல உழுகலீங்க. அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க சாமி" என்று உறையை நீட்டினார்.

தாள் முழுவதும் நின்ஹைட்ரினின் ஊதாக் கறை. மடிப்பின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, இன்னும் மங்காமல் இருந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, பெயர் இருந்த வரிக்குக் கீழே இருந்த நான்கு வரிகளை அவருக்கு மட்டும் கேட்கும்படி படித்தேன்.