ஓடுது, ஆனா இழுக்கல

புகையை வெளியே இழுக்கும் புளோயரின் மோட்டார் காயில் கட்டி வந்த மறுநாளே சமையலறையில் கண் எரிய ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் பொரிக்கும் அடுப்பில் நிற்கும் தம்பி அடிக்கடி வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தான். மூன்றாம் நாள் மாஸ்டர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். "ஹூட் இழுக்கவே மாட்டேங்குது, வந்து பாருங்க." போனேன். அடுப்புகளுக்கு மேலே புகையைப் பிடிக்கத் தொங்கும் அந்த ஹூட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் காது கொடுத்துக் கேட்டேன். மாடியில் புளோயர் வழக்கம்போல ஹூங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. "ஓடுதே மாஸ்டர்" என்றேன். அந்த "ஓடுதே"வைச் சொல்லி இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

நான் பார்ப்பது பராமரிப்பு வேலை. ஒரு பெரிய சமையலறையின் பைப்பு, பர்னர், மோட்டார், ஹூட் எல்லாம் 12 வருஷமாக என் தலையில்தான். எங்கள் ஹூட் 5 மீட்டர் நீளம். அதில் எண்ணெய்த் துளியைப் பிடிக்கும் 10 பேஃபிள் ஃபில்டர். ஹூட்டுக்கு மேலே புகை போகும் குழாயான டக்ட், டக்ட் முடிகிற இடத்தில் மாடியில் பெல்ட் போட்ட ஒரு புளோயர். இத்தனை வருஷம் இதோடு புழங்கியவனுக்கு ஓடுவது வேறு, இழுப்பது வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு உறைக்கவில்லை.

நான்காம் நாள் ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினோம். மாற்றமில்லை. அடுத்த நாள் மாடிக்குப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். தொய்வு இல்லை. அதற்கு அடுத்த நாள் நான் இல்லாத நேரத்தில் யாரோ இரண்டு ஃபில்டரை உருவி ஓரமாக வைத்துவிட்டார்கள். "காத்து தாராளமா போகட்டும்னுதான்" என்று பின்னால் விளக்கம் வந்தது. எந்தச் சமையலறைக்குப் போனாலும் இந்த யோசனை யாருக்காவது வந்தே தீரும். உருவிய ஓட்டை வழியாகக் காற்று சுலபமாகப் போய்விடுவதால் மற்ற எட்டு ஃபில்டரும் இழுப்பதைக் குறைத்துவிடும். எண்ணெய்த் துளிகள் தடையே இல்லாமல் நேராக டக்டுக்குள் ஏறும். அடுப்பில் தீ எழும்பினாலும் அதே வழிதான். ஃபில்டர் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது, ஒரு நாள்கூட.

விஷயம் பிடிபட்டது 11-ஆம் நாள். புளோயரை நிறுத்தி, முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி போடச் சொன்னேன். முதல் சில விநாடி சக்கரம் மெதுவாகச் சுற்றும், அப்போதுதான் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். உறையின் மேல் ஒரு அம்புக்குறி இருக்க வேண்டுமே என்று தேடினேன். பிசுக்குப் படிந்து கறுத்திருந்த இடத்தைத் துணியால் அழுத்தித் துடைத்ததும் சிவப்பில் தெரிந்தது. சக்கரம் அதற்கு நேர் எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று பேஸ் மோட்டார். காயில் கட்டிவிட்டுத் திரும்ப இணைத்தபோது இரண்டு ஒயர் இடம் மாறியிருக்கிறது. இறக்கை விசிறியாக இருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும், புகை முகத்தில் திரும்பி அடித்திருக்கும். எங்களுடையது நத்தைக்கூடு மாதிரி உறைக்குள் சக்கரம் சுற்றும் சென்ட்ரிஃபியூகல் புளோயர். இதைத் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வெளியே போகும். அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். சத்தமும் இருக்கும், மாடியில் கையை நீட்டினால் காற்றும் வரும். யாருக்குச் சந்தேகம் வரும்? மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சுற்று திரும்பிவிடும். 10 நிமிஷ வேலை. அதற்கு 11 நாள்.

அன்றிலிருந்து இரண்டு சோதனை செய்யாமல் விடுவதில்லை. ஒன்று, மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஃபில்டர் பக்கத்தில் பிடிப்பது. சப்பென்று போய் ஒட்ட வேண்டும், ஒவ்வொரு ஃபில்டரிலும். ஆனால் ஃபில்டர் வாயில் இழுவை இருக்கிறது என்பதைத்தான் காகிதம் சொல்லும். அடுப்பிலிருந்து எழும் புகை முழுக்க ஹூட்டுக்குள் போகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு இரண்டாவது சோதனை. முன்வரிசையில் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆவி ஹூட்டின் விளிம்புக்கு உள்ளேயே சுருண்டு மேலே போனால் சரி. விளிம்பைத் தாண்டி நாக்கு நீட்டினால் எங்கோ கோளாறு.

கோளாறு எப்போதும் புளோயரில்தான் என்றும் இல்லை. சூடான காற்று தானாகவே மேலே எழுகிறது. எழுந்ததைச் சிதறாமல் பிடித்து வைப்பதுதான் ஹூட்டின் வேலை, அதை வெளியேற்றுவது புளோயரின் வேலை. இடையில் ஒரு ஸ்டாண்டு ஃபேனைக் கொண்டுவந்து வைத்தால் ஆட்டம் முடிந்தது, பக்கத்திலிருந்து வரும் காற்று எழும் புகையைத் தட்டிவிட்டுவிடும். வியர்க்கிறது என்று ஃபேன் போடுவார்கள், போட்டதும் புகை அறைக்குள் சுற்றும், புகை சுற்றினால் இன்னும் வியர்க்கும். அதேபோல, அடுப்பின் ஓரத்தைத் தாண்டி ஹூட் 150 மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் புகையும் அடுப்பு நடுவில் வந்தால் நல்லது. எங்களிடம் சுத்தம் செய்ய இழுத்த பொரிக்கும் அடுப்பை, திரும்பத் தள்ளும்போது ஒரு சாண் முன்னாலேயே விட்டுவிடுவார்கள். அதனால் அடுப்பின் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் பெயிண்டால் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் உள்ளே வரும் காற்று. இதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதே இல்லை. வெளியே எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். அதற்கென்று எங்களுக்கு ஃபிரெஷ் ஏர் யூனிட் ஒன்று தனியாக உண்டு, அதற்கும் ஒரு ஃபில்டர் உண்டு. இரண்டு வருஷம் முன்பு அந்த ஃபில்டர் தூசியில் அடைத்துக் கிடந்ததைக் காட்டிக்கொடுத்தது ஒரு கதவு. பாத்திரம் கழுவும் அக்கா, "இந்தக் கதவைத் தோளால இடிச்சாத்தான் தம்பி திறக்குது, கீலுக்கு எண்ணெய் போடு" என்றார். கீலில் ஒன்றுமில்லை. ஹூட்டை நிறுத்தினால் கதவு பூ மாதிரி திறந்தது. உள்ளே காற்று போதாமல் அறையே கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இதில் கதவு பெரிய விஷயமில்லை. காற்றுக்காகத் திண்டாடும் அறை, கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகக்கூட உள்ளே இழுக்கும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு திரும்பி வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பர்னர் சுடர் காரணமில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, நீலம் போய் மஞ்சளானாலோ நான் முதலில் போய்ப் பார்ப்பது ஃபிரெஷ் ஏர் ஃபில்டரைத்தான்.

பேஃபிள் ஃபில்டர் பார்க்க வெறும் மடித்த தகடு. காற்று அதற்குள் நுழைந்து சட்டென்று திரும்பி, மறுபடி திரும்பி வெளியேறும். கனமான எண்ணெய்த் துளியால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது, தகட்டில் மோதி வழிந்து கீழே உள்ள தட்டில் சொட்டும். அதனால் மடிப்புகள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும். ஒருமுறை புதிதாக வந்த பையன் ஒன்றைப் படுக்கை வாட்டில் செருகிவிட்டான். மடிப்பெல்லாம் வாய்க்கால் மாதிரி எண்ணெய் தேங்கி, மதியம் மாஸ்டரின் கழுத்தில் சூடாகச் சொட்டியது. அவர் அன்று பேசியதை இங்கே எழுத முடியாது.

கழுவுவதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பழைய ஃபில்டர்கள் நெளிந்துவிட்டன என்று கொஞ்சம் புதிதாக வாங்கினார்கள். கையில் எடுத்ததும் எடையே இல்லை, எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். வழக்கம்போல காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர்த் தொட்டியில் முக்கினோம். தொட்டி நுரைத்துப் பொங்கியது. முதலில் அழுக்கு நன்றாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டோம்! எடுத்துப் பார்த்தால் கறுத்து, ஓரமெல்லாம் அரித்துப்போயிருந்தது. அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்திலேயே அடுப்பு எரிகிற இடத்தில் அதைப் பண்ணியிருக்கிறோம். இப்போதெல்லாம் எது வந்தாலும் என்ன உலோகம் என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் விடுகிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காஸ்டிக் பரவாயில்லை, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச்சிங் வேண்டாம், அதில் உள்ள குளோரின் ஸ்டீலில் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்யும். கம்பி நாரும் வேண்டாம், அதன் தூள் ஒட்டிக்கொண்டு துரு பிடிக்கும்.

பொரிக்கும் அடுப்புக்கு மேலே உள்ள நான்கும் தினம் இரவு தொட்டிக்குப் போகும். மற்றவை ஒன்றுவிட்டு ஒரு நாள். எண்ணெய்த் தட்டு தினம் காலி.

ஃபில்டர் பளபளவென்று இருந்தால் டக்டும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். துளியைத்தான் ஃபில்டர் பிடிக்கும். ஆவியாகப் போகிற எண்ணெயைப் பிடிக்காது, அது மேலே போய்க் குளிர்ந்து டக்டின் சுவரில் படியும். படுக்கையாகப் போகும் டக்டும், வளைவும் மோசம். நான் முதன்முதலில் வளைவில் உள்ள கதவைத் திறந்தபோது உள்ளே தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சு. விரலால் தொட்டேன், மெழுகு மாதிரி நகம் பதிந்தது. அடியில் இருந்தது தார் மாதிரி கறுப்பு. கீழே அடுப்பில் ஒரு தீ எழும்பி உள்ளே போனால் அத்தனையும் விறகு.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 என்ற தீத்தடுப்பு விதிமுறையில் இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். விறகு, கரி எரிக்கும் அடுப்பு என்றால் மாதம் ஒருமுறை டக்டைப் பரிசோதிக்க வேண்டும். 24 மணி நேரமும் சமைக்கிற மாதிரி வேலை அதிகம் என்றால் 3 மாதம், நடுத்தரம் என்றால் 6 மாதம், எப்போதாவது சமைக்கும் இடம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை. பிசுக்கு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். நாங்கள் 3 மாதம் வைத்திருக்கிறோம். சுத்தம் செய்ய வெளியிலிருந்து வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை: கைக்கு எட்டும் ஹூட்டை நிலைக்கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டு, வளைவைத் தொடாமல் போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு கதவையும் திறந்து உள்ளே போட்டோ எடுத்துக் காட்டினால்தான் கையெழுத்து.

அப்படி ஒரு சுத்தத்துக்குப் பிறகு புளோயர் மாடியே அதிரும்படி ஆடியது. சக்கரத்தில் பாதி இறக்கையைச் சுரண்டிவிட்டு மீதியை விட்டிருக்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் கனம். அப்படியே ஓடவிட்டால் பேரிங் போய்விடும். மீதியைச் சுரண்ட நானே உட்கார்ந்தேன். பெல்ட்டில் ஒரு கை, சக்கரத்தில் ஒரு கை. கீழே யாரோ அடுப்புப் பற்றவைக்க வந்து, பழக்கதோஷத்தில் ஹூட் சுவிட்சைத் தட்டினார்கள். மாடியிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை நான் அணைத்திருந்ததால் இதை இரண்டு கையாலும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இப்போது அந்த ஐசொலேட்டருக்குப் பூட்டு இருக்கிறது, சாவி என் சட்டைப் பையில்.

ஹூட்டுக்குள் தொங்கும் தீயணைப்புக் கருவியை நான் தொடுவதில்லை, 6 மாதத்துக்கு ஒருமுறை அதற்கென்று ஆள் வருகிறார்கள். கம்பியில் கோத்திருக்கும் சின்ன உலோக இணைப்பு சூட்டில் உருகினால் கம்பி தளரும், சிலிண்டர் திறந்து மருந்து பீய்ச்சும், கேஸும் தானாக நிற்கும். அந்த மருந்து கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி நுரைத்து மூடிக்கொள்ளும். எங்கள் பங்கு ஒன்றுதான்: ஃபில்டரைக் கழற்றும்போது மருந்து பீய்ச்சும் நாசிலின் மூடியைத் தட்டிவிடாமல் இருப்பது. மூடி போனால் உள்ளே பிசுக்கு ஏறி அடைத்துக்கொள்ளும்.

நிர்வாகத்தில் ஒருவர், கரண்டு மிச்சம் பிடிக்கலாமே, கூட்டம் குறைந்ததும் ஹூட்டை நிறுத்திவிடலாமே என்றார். அடுப்பு எரியும்வரை நிறுத்த முடியாது, அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓட வேண்டும் என்றேன். வேண்டுமானால் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாடு போடுங்கள், வேலை குறைந்த நேரத்தில் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரச் செலவு ஏறக்குறைய பாதியாகும் என்று சொன்னேன். வேகம் எத்தனை பங்காகிறதோ, அதை மூன்று தடவை பெருக்கினால் வரும் பங்குக்கு மின்சாரம் குறையும். நம்பாமல் கால்குலேட்டரில் 0.8-ஐ மூன்று தடவை பெருக்கிப் பார்த்தார். 0.512 வந்தது. இப்போது விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்.

நேற்றிலிருந்து காலையில் சுவிட்சைப் போட்டதும் மாடியில் இரண்டு விநாடி கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் அடங்கிவிடுகிறது. மாஸ்டர்தான் கவனித்துச் சொன்னார். "ஓடுது" என்று வேறு சேர்த்துக்கொண்டார், சிரித்தபடி. பெல்ட்டாகத்தான் இருக்கும். நாளை வேலை தொடங்கும் முன் மேலே போகிறேன்.